விகாரைக்குப் போகலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போனில் நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆவணி விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகளுக்கு அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி எல்லாம் காட்ட ஆசை என்றாய். மருமகனும் போகிற பாதைகளை விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்றாய். ஆனால் எங்களுக்கு நடந்ததெல்லாம் நடந்த பிறகு விகாரையில் போய்ப் பூ வைத்துக் கும்பிடுவது சரியா அப்பா என்று கேட்டாய்.

போங்கள், மகள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

2009 போரில் இந்த வன்னி மண்ணில் நாங்கள் பட்டதை மறக்கச் சொல்லவில்லை. அண்ணாவின் படத்துக்கு விளக்கு வைத்த பிறகுதான் அம்மா இன்றைக்கும் காலைத் தேத்தண்ணி குடிக்கிறார். குருந்தூர்மலையிலும் நீராவியடியிலும் நடந்தவற்றை நீ செய்தியில் படித்திருப்பாய். எங்கள் சனம் பொங்கிப் படைத்து வந்த இடத்தில், சுற்றிவர ஒரு பௌத்தக் குடும்பமும் இல்லாத இடத்தில், விகாரை எழும்பினால் எனக்கும் வயிறு எரிகிறது. அந்தக் கோபம் நியாயமானது, அதை நான் விடப்போவதில்லை. ஆனால் இரண்டாயிரம் வருடமாக நிற்கிற தூபிகளை அந்தக் கோபத்துக்காக வேண்டாம் என்று ஒதுக்கினால் நட்டம் எங்களுக்குத்தான். அந்தக் கற்களின் கதையில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

83 கலவரத்துக்கு முன் நான் லொறி ஓடின காலத்தில் இந்தப் பாதை முழுக்க எனக்கு அத்துப்படி. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டால், மதவாச்சி தாண்டும்போது பாலைமரக் காடு குறைந்து வயல் தெரியத் தொடங்கும். பொசன் என்கிற பௌத்தப் பண்டிகை நாட்களில் மிகிந்தலைப் பக்கம் போனால் சிங்களச் சனம் லொறியை மறித்து, யார் எவர் என்று கேட்காமல் சாப்பாடும் குளிர்பானமும் தரும். தன்சல் என்பார்கள். என்னுடைய சிங்களம் அரைகுறை என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டே இலையில் இன்னும் ஒரு கரண்டி போடுவார்கள். அந்த மனிதர்களை நான் எப்படி வெறுப்பது?

முதலில் அநுராதபுரம். வவுனியாவிலிருந்து கிட்டத்தான். ஸ்ரீ மகாபோதிக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லு: அசோகனின் மகள் சங்கமித்தை கொண்டு வந்த அந்த வெள்ளரசுக் கிளை வந்து இறங்கியது எங்கள் வடக்குக் கரையில், மாதகலுக்குப் பக்கத்துச் சம்பில்துறையில் என்று சொல்லுவார்கள். அங்கிருந்து தெற்கே போகிறதென்றால் எங்கள் வன்னிக் காட்டைக் கடந்துதானே போயிருக்க வேண்டும். வழியில் திவக்கன் என்ற பிராமணனின் ஊரில் அதை வைத்துப் பூசை செய்ததாக மகாவம்சம் என்ற பழைய பௌத்த வரலாற்று நூல் சொல்கிறது. அந்த ஊர் இன்றைய தந்திரிமலை என்பது பரம்பரைக் கதை. அருவி ஆற்றுக்குக் கிட்ட, பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகளோடு கிடக்கிற இடம். நேரம் இருந்தால் அதையும் பாருங்கள். கூட்டம் இருக்காது.

மகாபோதி மரத்தடியில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1985 மே மாதம் அங்கே கும்பிட வந்த சாதாரணச் சனத்தை எங்கள் பெயரில் ஆயுதம் தூக்கியவர்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாளில் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். பெரியவன் இப்போது எல்லாம் கேட்கிற வயது. எங்களுக்கு நடந்ததைச் சொல்லுகிற வாயால் இதையும் சொல்லு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்து வளர்க்காதே.

ருவன்வெலிசாயவின் வெள்ளையும் யானை மதிலும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அது துட்டகைமுனு தொடங்கிய தூபி. ஜேதவனராமயத் தூபியைக் கிட்ட நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லு. முழுக்கச் செங்கல். மகாசேனன் கட்டுவித்தது. கட்டிய காலத்தில் 120 மீற்றருக்கு மேல் உயரம், எகிப்தின் பெரிய பிரமிட்டுகள் இரண்டை விட்டால் அந்தக் காலத்து உலகில் அதைவிட உயரமாக ஒன்றும் இருக்கவில்லையாம். பிறகு எல்லாளனிடம் போங்கள். சோழ நாட்டிலிருந்து வந்து 44 வருடம் அரசாண்டவன். அவனுடைய நீதியை மகாவம்சமே புகழ்கிறது. கன்றைத் தேரேற்றிக் கொன்ற தன் மகனைத் தண்டித்த கதையும் அதில் இருக்கிறது. வென்ற துட்டகைமுனு, தோற்றவனுக்கு மரியாதையோடு ஈமக்கடன் செய்து, நினைவுச்சின்னம் கட்டி, அந்த வழியால் போகிறவர்கள் மேளதாளத்தை நிறுத்த வேண்டும் என்று கட்டளை போட்டான். வெள்ளைக்காரருக்கு எதிரான 1818 கலகம் தோற்றுத் தப்பி ஓடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, உடம்பு தளர்ந்திருந்தும் அந்த இடத்தில் பல்லக்கை விட்டு இறங்கி நடந்தான் என்று வெள்ளைக்காரர் எழுதி வைத்திருக்கிறார்கள். சனம் தலைமுறை தலைமுறையாக எல்லாளன் சமாதி என்று சொன்ன மேடு தக்கிண தூபி. அது எல்லாளனுடையது இல்லை என்று பிற்காலத்தில் தொல்லியல்காரர் சொன்னார்கள். அது எப்படியும் இருக்கட்டும். செத்துப்போன எதிரிக்கு மரியாதை செய்யத் தெரிந்த நாடு இது என்று பிள்ளைகள் அங்கே நின்று கேட்கட்டும். போரில் செத்த எங்கள் பிள்ளைகளைப் புதைத்த துயிலுமில்லங்களை இடித்துத் தள்ளினார்கள் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கதையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தம்புள்ளையும் சீகிரியாவும் எல்லாரும் போகிற இடங்கள். அவற்றை மருமகன் பார்த்துக்கொள்ளட்டும். தம்புள்ளையில் ஐந்து குகை, உள்ளே கல்லில் படுத்திருக்கும் பெரிய புத்தர், முகட்டைப் பார்த்தால் ஒரு இடம் விடாமல் சித்திரம். தமிழ்ப் படையெடுப்பில் அரசை இழந்த வலகம்பா என்ற சிங்கள அரசன் ஒளித்திருந்த குகைகள் என்பார்கள். சீகிரியாவுக்கு விடியவே போய் ஏறுங்கள். வெயிலும் தப்பும், கூட்டமும் தப்பும். குளவி இருக்கிற மலை, பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது.

பொலன்னறுவையை அவசரப்படுத்தாதீர்கள். கல்விகாரையில் ஒரே கற்பாறையில் இருந்த புத்தர், நின்ற புத்தர், கிடந்த புத்தர். கிடந்த சிலை 14 மீற்றர் நீளம். தலையணையில் தலை பதிந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் செதுக்கியிருக்கிறான் பாருங்கள், அந்தச் சிற்பியின் கையை நான் கும்பிடுவேன். அங்கேயே வானவன் மாதேவி ஈச்சரம் இருக்கிறது, சோழர் கட்டிய முழுக் கல் சிவன் கோவில். அட்டதாகே என்கிற பழைய தந்ததாது மனையின் பக்கம் ஒரு பெரிய கல்வெட்டு நிற்கும். தமிழ்க் கல்வெட்டு. புத்தரின் தந்ததாதுக் கோவிலை நாங்கள் காப்போம் என்று வேளைக்காரப் படைத் தமிழர் சபதம் செய்து பொறித்தது. அந்தப் புனிதப் பல்லுக்குத் தமிழன் காவல் நின்றிருக்கிறான் என்பதைப் பெரியவன் தன் வாயால் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பார்க்கட்டும். எழுத்து மாறியிருக்கும், ஒன்றிரண்டு பிடிபட்டாலும் போதும். பிறகு பராக்கிரம சமுத்திரக் கட்டில் நடவுங்கள். குளத்தை நம்பி வாழ்கிற எங்களுக்கு அதைவிடப் பெரிய கோவில் வேறென்ன?

கண்டியில் அந்தப் புனிதப் பல் இருக்கிற தலதா மாளிகையோடு திரும்பி விடாதீர்கள். அம்மாவுக்கு அங்கே முக்கியமான இடம் பத்தினி தேவாலயம். அது எங்கள் கண்ணகியேதான். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிகிற எங்கள் வற்றாப்பளை அம்மனை அவர்களும் வைத்துக் கும்பிடுகிறார்கள். பெரஹரா என்கிற பெரிய ஊர்வலத்தில் பத்தினி தேவாலயத்து ஊர்வலமும் சேர்ந்து போகும். எசல மாதத்து விழா, உங்கள் விடுமுறையோடு பொருந்தினால் பாருங்கள். ஆனால் சின்னவளை அந்த நெரிசலில் தூக்கிக்கொண்டு நிற்பது கஷ்டம், யோசித்துச் செய்யுங்கள். கண்டியின் கடைசி அரசன் தமிழ் பேசிய நாயக்க வம்சத்தவன். 1815 இல் பிடிபட்டு, வேலூரில் சிறையிருந்து செத்தான். அவனும் அந்தப் பல்லைக் காத்தவர்களில் ஒருவன்தான்.

திருகோணமலைப் பக்கம் போனால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு, பெரியகுளத்துக்குக் கிட்டே உள்ள வெல்கம் விகாரைக்குப் போங்கள். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்குக்கும் பசுவுக்கும் தமிழர் கொடுத்த தானங்கள் தமிழிலேயே கல்லில் வெட்டிக் கிடக்கின்றன. எங்கள் சனம் அதை நாதனார் கோவில் என்று சொல்லி வந்தது. பௌத்தம் என்றால் சிங்களம், சைவம் என்றால் தமிழ் என்று இரண்டு பக்கத்தாரும் போட்ட வேலி அந்தக் கல்லில் இல்லை.

காடும் மிருகமும் பார்க்க என்றால் ஆவணி நல்ல காலம். மற்றக் குளங்கள் வற்ற, மின்னேரியாக் குளத்தின் அடியில் புல் முளைத்து யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். வில்பத்து எங்களுக்குக் கிட்ட, வில்லுகள் என்கிற இயற்கைக் குளங்கள் அதன் அழகு. சிறுத்தை கண்ணில் படுவது அதிர்ஷ்டம். சிவனொளிபாதமலைக்கு இந்த முறை ஆசைப்பட வேண்டாம், பருவம் மார்கழியிலிருந்து வைகாசி வெசாக் வரைதான். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்கிறதென்றால் விடியப் போக வேண்டும், பிறகு முகில் மூடிவிடும். எல்லப் பக்கத்து ஒன்பது வளைவு ரயில் பாலத்தை நான் பார்த்ததில்லை, படம் எடுத்து அனுப்புங்கள்.

ஆனால் மகள், எங்கேயோ எல்லாம் போய்விட்டு வன்னியில் வீட்டுக்குள்ளேயே இருந்து திரும்பக்கூடாது. முத்தையன்கட்டுக் கட்டில் பொழுதுபட நடக்க வேண்டும். வவுனிக்குளத்து மீன் சாப்பிட வேண்டும். கட்டுக்கரைக் குளம், மடு மாதா, மன்னார்ப் பெருக்கமரம், எல்லாம் ஒரு நாள் ஓட்டம்தான். ஆவணி 15 மடுத் திருவிழாவுக்குச் சிங்களச் சனமும் குடும்பத்தோடு வந்து காட்டுக்குள் கூடாரம் போட்டு இருக்கும், அதையும் பிள்ளைகள் பார்க்கலாம். ஒன்று மட்டும் கண்டிப்பு: பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கக்கூடாது. இன்னும் கண்ணிவெடி எடுத்து முடியாத இடங்கள் இருக்கின்றன. சிவப்புப் பலகை கண்டால் கிட்டப் போகவே வேண்டாம். ஒட்டுசுட்டான் றோட்டில் இருட்டின பிறகு யானை நிற்கும், அதற்கு முன்னே வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

விகாரைக்கு வெள்ளை உடுப்பு நல்லது, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். செருப்பும் தொப்பியும் வாசலில் கழற்றுவார்கள், மத்தியானத்தில் கல் சுடும், பிள்ளைகளுக்குக் காலுறை எடுத்து வா. புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை அவர்கள் அவமரியாதையாக நினைப்பார்கள், மருமகனிடமும் சொல்லிவிடு. உங்களுடையது கனடாப் பாஸ்போட், பல இடங்களில் வெளிநாட்டார் ரிக்கற் எடுக்க வேண்டி வரும், அதற்குக் காசு ஒதுக்கி வையுங்கள். பூ வாசலில் விற்கும். நீ கும்பிட விரும்பினால் கும்பிடு, மனம் வராவிட்டால் பூவைப் பிள்ளைகளின் கையில் கொடு. யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், நானும் மாட்டேன்.

அம்மா துணி வாங்கி வைத்துவிட்டார். பிள்ளைகள் இருவருக்கும் வெள்ளைச் சட்டை தைக்க அளவு வேண்டுமாம், இந்தக் கிழமைக்குள் அனுப்பு. வரும் திகதி உறுதியானதும் சொல்லு, ஆவணியில் வான் கிடைப்பது கஷ்டம், இப்போதே பேசி வைக்க வேண்டும்.

அன்புடன்
அப்பா
முள்ளியவளை