அஞ்சுகிராமத்து வீட்டுக் கிணறும் சாஃப்ட்னரும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. அஞ்சுகிராமத்தில் கட்டும் வீட்டுக்கு, கிணற்றுக் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வாங்க நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனைப் பெரிதாக்கிப் பார்த்து முழுவதும் படித்தேன். போனில் சொன்னால் வேலை நடுவில் பாதியைத்தான் கேட்பாய். அதனால் எழுதுகிறேன். பொறுமையாக உட்கார்ந்து படித்துவிட்டு மருமகளுக்கும் அனுப்பு. அங்கே வெயிலில் நின்று வேலை வாங்குகிறவள் அவள்தானே.

சாஃப்ட்னர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தண்ணீருக்கு அது தேவைப்படும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் இந்த மாசியில் வாங்காதே. குழாய் மட்டும் இப்போது போடு. கருவியை, தண்ணீர்ப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகு வாங்கு. பூச்சு முடிந்தபின் சுவரை உடைத்துக் குழாய் போடுவது கஷ்டம். கருவியை எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம்.

நீ மார்த்தாண்டத்து வீட்டில் வளர்ந்தவன். இங்கே சோப்பு தொட்டாலே நுரைக்கும், பருப்பு சொன்னபடி வேகும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வெட்டுக்கல் மண்ணில் இருந்த சுண்ணாம்புச் சத்தை மழை காலங்காலமாகக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சி நிற்பது இரும்பும் அலுமினியமும். அதனால் இந்தப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் பெரும்பாலும் மென்மையாக, கொஞ்சம் அமிலத் தன்மையோடு இருக்கும். தொல்லை என்று வந்தால் வாளியில் படியும் துருக்கறைதான். அஞ்சுகிராமம் அப்படி இல்லை. ஒரே மாவட்டம்தான், ஆனால் அங்கே மழை குறைவு, கடல் பக்கம். புதுக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்று மருமகள் சொன்னாள். சம்பந்தி வீட்டு ஹீட்டர் கம்பியில் ஓடு மாதிரிக் கட்டியிருப்பதை நானே பார்த்தேன். அது கால்சியம், மெக்னீசியத்தின் வேலை. ஆக, சந்தேகம் சரியானதுதான். எவ்வளவு இருக்கிறது, அதோடு வேறென்ன இருக்கிறது என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்க வந்தவர் ஒரு டம்ளரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தாராம், தண்ணீர் பழுப்பாகக் குழம்பியதாம், மருமகள் பயந்துபோய்விட்டாள். குழந்தைகளுக்கு இதையா கொடுக்கப் போகிறோம் என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் அந்த இரும்பே கரைந்து துருவாக மிதக்கும். பக்கத்து டம்ளரில் இருந்த, ஆர்ஓ கருவி வடிகட்டிய தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் சரியாகப் பாயவில்லை, தெளிவாக நின்றது. குடிக்கத் தகுந்த நல்ல கிணற்றுத் தண்ணீரை வைத்தாலும் இதே பழுப்பு வரும். ஒரு தாயின் பயத்தை வைத்து வியாபாரம் செய்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான், இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அவர் காட்டிய டிடிஎஸ் மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். அதில் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும், எவ்வளவு, சோறு சமைக்கும் சாதாரண உப்பு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாது. உன் முடிவு முழுவதும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். சாஃப்ட்னருக்குள் கசகசா போன்ற ரெசின் மணிகள் இருக்கும், அவற்றில் சோடியம் ஒட்டியிருக்கும். கடினத் தண்ணீர் அதன் வழியே போகும்போது கால்சியமும் மெக்னீசியமும் மணியில் ஒட்டிக்கொள்ளும், சோடியம் தண்ணீரோடு வெளியே வரும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலை விட்டுக் கழுவினால் பழையபடி சோடியம் ஏறிவிடும். அது செய்வது அவ்வளவுதான். சாஃப்ட்னர் போட்ட பிறகும் டிடிஎஸ் குறையாது. தண்ணீர் வாயில் கரித்தால், அதாவது குளோரைடு ஏறியிருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த சாஃப்ட்னரும் அந்தக் கரிப்பை எடுக்காது.

கடலோரக் கிணற்றில் அந்த ஆபத்து இருக்கிறது. மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர், கடலிலிருந்து ஊறும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். கணக்குப்படி, நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி தாழ்ந்தால் கீழேயுள்ள உப்புத் தண்ணீர் நாற்பது அடி வரை மேலேற இடம் கிடைக்கும். ஆகவே பரிசோதனை முடிவில் குளோரைடு அதிகமாக இருந்து, கால்சியத்தைவிட மெக்னீசியமும் தூக்கலாக இருந்தால், கடல் எட்டிப் பார்க்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கடல்நீரில் மெக்னீசியம்தான் அதிகம். அப்படியானால் சாஃப்ட்னரை மறந்துவிட்டு, சின்ன மோட்டார் போட்டு மெதுவாக இறைப்பதையும், மொட்டை மாடி மழைநீரை வடிகட்டிக் கிணற்றுப் பக்கம் இறக்குவதையும் முதலில் செய். மழைநீர்ச் சேகரிப்பை 2003லேயே நம் மாநிலத்தில் கட்டாயமாக்கிவிட்டார்கள். உன் வீட்டுப் பிளானிலும் அது இருக்கிறது. குழியைப் பெயருக்குத் தோண்டாமல் உண்மையாகவே தோண்டச் சொல்.

இரும்பையும் பார்க்க வேண்டும். தெளிவான பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் திறந்து வைக்கச் சொல். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, கொஞ்ச நேரத்தில் செந்நிறமாக மாறினால் கரைந்த இரும்பு இருக்கிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ரெசினுக்கு முன்னால் இரும்பு நீக்கும் ஃபில்டர் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் துரு மணிகளில் படிந்து, அவற்றின் வேலை சீக்கிரமே நின்றுவிடும்.

தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம், கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துத் தருவார்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் அவர்கள் சொல்கிறபடி தனிப் பாட்டில். மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், மெக்னீசியம், குளோரைடு, இரும்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, பிஹெச், டிடிஎஸ் எல்லாம் வேண்டும் என்று கேட்கச் சொல். ஐஎஸ் 10500 என்ற நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடுக்கு அதே மாதிரி 250, 1000. இப்போது ஒருமுறை கொடு. சித்திரையில் கிணறு தாழ்ந்திருக்கும்போது இன்னொரு முறை கொடு. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, கிணறும் அதற்கேற்ப மாறும். ஐப்பசி மழையில் ஊறிய தண்ணீரைப் பார்த்துக் கருவியின் அளவை முடிவு செய்தால் கோடையில் அது திணறும்.

இனி அளவு. கொட்டேஷனில் 'ஆறு பேர் வீட்டுக்குப் போதும்' என்று எழுதியிருக்கிறார்கள். ரெசின் எத்தனை லிட்டர் என்று எங்கும் இல்லை. நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். கணக்கு சுலபம். குளியல், துணி, பாத்திரத்துக்கு மட்டும் மென்னீர், அதாவது சாஃப்ட்னர் வழியே வந்த தண்ணீர், என்றால் ஆறு பேருக்கு நாளுக்கு 600 லிட்டர் என்று வை. கடினத்தன்மை லிட்டருக்கு 450 மில்லிகிராம் என்று வந்தால், நாளுக்கு 270 கிராம் சுண்ணாம்பைப் பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் ஒரு முறைக்குச் சுமார் 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1250 கிராம், அதாவது நான்கு நாளைக்கு ஒரு முறை கழுவினால் போதும். கழுவும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று கிலோ உப்பு. பத்து லிட்டர் ரெசினைத் தலையில் கட்டினால் இரண்டு நாள்கூடத் தாங்காது. மருமகள் ஓயாமல் வால்வைத் திருகிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிடுவாள். அதனால் கையால் திருகும் மல்ட்டிபோர்ட் வால்வு வேண்டாம், தானியங்கி வாங்கு. அதிலும் நாள் கணக்கில் கழுவுவதைவிட, எத்தனை லிட்டர் போனது என்று மீட்டர் பார்த்துக் கழுவுவது மேல். நீங்கள் ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களில் உப்பும் தண்ணீரும் வீணாகாது.

கிணற்று மோட்டார் குழாயில் நேராகச் சாஃப்ட்னரைப் பொருத்தித் தருவதாக அவர் சொன்னது சரிப்படாது. ஒரு ஹெச்பி மோட்டார் கொட்டுகிற வேகம் அந்தச் சின்னப் பாத்திரத்துக்கு மிக அதிகம். 25 லிட்டர் ரெசினில் மணிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் விடக்கூடாது. விட்டால் சுண்ணாம்பு பிடிபடாமல் அப்படியே கடந்து போய்விடும். மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரும் போதாது. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், தானியங்கி வால்வுக்கு அதைவிட அதிகம் வேண்டும். ஆகவே மாடியில் இரண்டு தொட்டி வை. கிணற்றுத் தண்ணீர் முதல் தொட்டிக்கு ஏறட்டும். அங்கிருந்து ஒரு சின்ன பம்ப், அதன் பின் சாஃப்ட்னர், அப்புறம் இரண்டாவது தொட்டி. கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் முதல் தொட்டியிலிருந்தே குழாய் போகட்டும். தென்னைக்கும் வாழைக்கும் மென்னீர் ஊற்றவே கூடாது, சோடியம் மண்ணைக் கெடுத்துவிடும். ஒரு பைபாஸ் வால்வும் போடு. மழைக்குப் பிறகு கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடும்போது அந்தத் தண்ணீர் ரெசினுக்குள் போகக்கூடாது, குளோரின் அதை மெல்லமெல்ல அரித்துவிடும்.

கழுவிய உப்புத் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் உன்னிடம் பேசியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் நூறு லிட்டருக்கு மேல் வரும். அதைக் கிணற்றுப் பக்கம் விட்டால் நீ எடுத்த சுண்ணாம்பும் போட்ட உப்பும் திரும்ப உன் வாளிக்கே வரும். செப்டிக் டேங்கிலும் விடாதே. கிணற்றிலிருந்து மனையில் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, தண்ணீர் ஓட்டம் இறங்கும் பக்கத்தில் தனி வடிகால் வேண்டும். மனை சின்னது என்பதால் இதைத்தான் மேஸ்திரியோடு முதலில் பேச வேண்டும்.

உப்புக்குக் கவலையில்லை, புத்தளத்திலும் தாமரைக்குளத்திலும் உப்பளம் இருக்கிற ஊர் நமது. ஆனால் மண்ணும் மெக்னீசியமும் கலந்த பச்சைக் கல்லுப்பு சாஃப்ட்னரின் உப்புக் கரைசல் தொட்டியில் சேறாகப் படியும். கழுவிச் சுத்தம் செய்த, அயோடின் சேர்க்காத உப்பாகப் பார்த்து வாங்கச் சொல்.

இப்போது எனக்கு மிக முக்கியமானது. சம்பந்திக்கு பிரஷர் இருக்கிறது. 450 கடினத்தன்மையுள்ள தண்ணீரை முழுவதும் மென்மையாக்கினால் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் புதிதாகச் சேரும். மூன்று லிட்டர் குடித்தால் ஒன்றரை கிராம் உப்புத் தின்ற மாதிரி. நாளுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே சமையலறையில் குடிக்கவும் சமைக்கவும் மென்னீர் நேராக வரக்கூடாது. கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் தண்ணீர் வந்தால் அதை எடுங்கள். ஆர்ஓ வைப்பதானால் மென்னீரை அதற்குள் விடலாம். சுண்ணாம்பு படியாமல் அதன் வடிகட்டும் மெம்பரேன் நீடிக்கும், சோடியத்தின் பெரும்பகுதியையும் அதுவே எடுத்துவிடும். இரண்டும் இல்லையென்றால் பரிசோதனை நன்றாக வந்திருக்கிற பட்சத்தில் முதல் தொட்டித் தண்ணீரே போதும், காய்ச்சிக் குடிக்கட்டும்.

குழாயின் மேல் மாட்டினால் போதும், உப்பே வேண்டாம் என்று காந்தக் கருவி ஒன்றையும் அவர் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அது தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை, அதை அடித்துவிடு.

மக்களே, நாளை மேஸ்திரியிடம் பேசும்போது இரண்டு தொட்டிக்கான இடம், சமையலறைக்குத் தனிக் குழாய், உப்புத் தண்ணீர் வடிகால் இந்த மூன்றையும் சொல்லிவிடு. பூச்சு வேலை அடுத்த வாரம் தொடங்குகிறதாம். தண்ணீர்ப் பாட்டிலை நான் அஞ்சுகிராமம் போய் எடுத்து வந்து நாகர்கோவிலில் கொடுத்துவிடுகிறேன். முடிவு வந்ததும் படம் பிடித்து அனுப்புவேன், அதைப் பார்த்த பிறகு அளவை முடிவு செய்வோம்.

அன்புடன்,
அம்மா