நேவிகேஷன் செட் மாட்டுவதும் மின்சார வேலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓடிக்கொண்டிருந்த கார் தீப்பிடித்து எரிந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் 'மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று போலீசார் தெரிவித்தனர்' என்று முடித்துவிடுகிறீர்கள். எந்த இடத்தில் கசிந்தது, அந்த ஒயர் கம்பெனியிலேயே போட்டதா, இல்லை பிறகு ஏதோ ஒரு கடையில் இழுத்ததா என்று மறுநாள் யாரும் கேட்பதில்லை. நான் பாளையங்கோட்டையில் கார் எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கிறேன். எல்லாத் தீ விபத்துக்கும் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் வெளியில் வாங்கி மாட்டுகிற நேவிகேஷன் செட் (வழி காட்டுகிற ஸ்கிரீன்), அதோடு சேர்ந்து வருகிற ரிவர்ஸ் கேமரா, ஆம்ப்ளிஃபயர், இவற்றுக்கு இழுத்திருக்கிற ஒயரிங்கை டேஷ்போர்டைக் கழற்றிப் பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்குத்தான் உள்ளே என்ன நிலைமை என்று தெரியும். அதை உங்கள் வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

கார் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் பேஸ் மாடல் எடுத்துவிட்டு, ஸ்கிரீன் வெளியே போட்டுக்கொள்ளலாம் என்று வருகிறார்கள். அதில் தவறே இல்லை. கம்பெனி ஸ்கிரீனுக்காக மேல் மாடலுக்குப் போனால் விலை எவ்வளவு ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஒன்பது இன்ச், பத்து இன்ச் ஆண்ட்ராய்டு செட் இன்று ஆன்லைனிலும் கிடைக்கிறது, எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. வாங்கும்போது எத்தனை ஜிபி ராம், எந்த ஆண்ட்ராய்டு, எத்தனை இன்ச் என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள், யார் மாட்டப்போகிறார், எப்படி மாட்டப்போகிறார் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. (அந்த ராம் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். செட்டிங்ஸில் எட்டு ஜிபி என்றும் புது ஆண்ட்ராய்டு என்றும் காட்டும்படி மாற்றி எழுதி விற்கிற மலிவு செட்கள் சந்தையில் இருக்கின்றன.)

ஒரு செட்டுக்குப் பின்னால் வருகிற ஒயர்களில் முக்கியமானவை மூன்று. மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வருகிற கரண்ட். செட்டின் நினைவைக் காப்பாற்றுவது அதுதான். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. கருப்பு எர்த். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் அவசரத்தில் வேலை பார்க்கிற இடங்களில் நடப்பது என்ன? சாவியில் வருகிற லைனைத் தேடிப் பிடிக்கச் சோம்பல்பட்டு மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நேரடி லைனில் கொடுத்துவிடுகிறார்கள். சாவியை எடுத்த பிறகும் செட் உள்ளே விழித்தே இருக்கும். அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி கணக்குப்படி 70 மணி நேரத்தில் காலி. நடைமுறையில் அதற்கு வெகு முன்பே ஸ்டார்ட்டர் சுற்ற மறுக்கும். வெள்ளிக்கிழமை நிறுத்திய வண்டி திங்கட்கிழமை ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரி மேல் பழி போட்டுப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள், அந்தப் புது பேட்டரியும் அதே மாதிரி இறங்குகிறது. பேட்டரிக் கடைக்காரரிடம் வாரண்டிச் சண்டை போடுகிற வாடிக்கையாளர்களில் சிலருக்காவது உண்மையான கோளாறு டேஷ்போர்டுக்குள்தான் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கிற கார் நிறுத்தி வைத்திருக்கும்போது மொத்தமாகவே சுமார் 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். கரண்ட்டை அளக்கிற மல்டிமீட்டரைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

இன்னும் மோசமானது ஒயரை வெட்டுவது. கம்பெனி ஒயரிங்கை நடுவில் வெட்டி, தோலைச் சீவி, கையால் முறுக்கி, மேலே கருப்பு இன்சுலேஷன் டேப். நம் ஊர் வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு எவ்வளவு சூடாகும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்து டேப் கழன்றுவிடும், முறுக்கிய இடம் அதிர்வில் தளரும். தளர்ந்த இணைப்பில் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் தளரும். அதோடு அந்த லைனுக்கு ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே இழுத்திருந்தால் ஒயர் எங்கேயாவது பாடியில் உரசும்போது நிறுத்துவதற்கு ஒன்றுமே கிடையாது, பேட்டரியில் இருக்கிற அத்தனையும் அந்த ஒயர் வழியாகப் பாயும். ஃப்யூஸ் செட்டைக் காப்பாற்றத்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது முதலில் காப்பாற்றுவது ஒயரை. அதனால்தான் பேட்டரியிலிருந்து தனி லைன் இழுத்தால் ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், செட்டுக்குப் பக்கத்தில் இல்லை. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று அதைவிடப் பெரிய ஆம்பியர் போடுகிறவர்களும், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த மாதிரிக் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் வெட்டவே தேவையில்லை. மாருதி, ஹூண்டாய், டாடா, டொயோட்டா என்று ஒவ்வொன்றுக்கும் அதற்கான கப்ளர் கிடைக்கிறது. ஒரு பக்கம் காரின் சாக்கெட்டில் ஏறும், மறு பக்கம் செட்டில் ஏறும், ஒரு ஒயர்கூட வெட்டுப்படாது. நாளைக்கு வண்டியை விற்கும்போது பழைய ஸ்டீரியோவைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம். விலையும் செட் விலையோடு பார்த்தால் பெரிதில்லை. ஆனால் அதை ஆர்டர் செய்து வரவழைக்க ஓரிரு நாள் ஆகும். அந்த இரண்டு நாள் பொறுமை கடைக்காரருக்கும் இல்லை, வாடிக்கையாளருக்கும் இல்லை, ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடு என்பதே பேச்சாக இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா மாதிரி வண்டிகளில் நேரடி லைனும் சாவி லைனும் கப்ளரில் இடம் மாறி வருவது உண்டு, சில மாடல்களில் சாவி லைனே கிடையாது, எல்லாம் கேன் பஸ் (காரின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற லைன்) வழியாகத்தான் செய்தி போகும், அதைப் புரிந்து செட்டுக்குச் சொல்ல ஒரு டீகோடர் பெட்டி வேண்டும். அது தெரியாமல் ஏதோ ஒரு ஒயரில் டெஸ்ட் லாம்ப் வைத்துக் குத்திப் பார்ப்பவர் காரின் கம்ப்யூட்டரையே கெடுத்துவிட முடியும். காரின் ஒயரிங்கில் மஞ்சள் கப்ளரோ மஞ்சள் உறையோ போட்டு வருகிற ஒயர்கள் ஏர்பேக்குக்குப் போகிறவை, அதன் பக்கமே போகக்கூடாது. 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல் கார்களில் முன் சீட் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். செட்டை மாட்டக் கழற்றுகிற அதே டேஷ்போர்டில்தான் அது மடிந்து உட்கார்ந்திருக்கிறது. வேலை தொடங்குமுன் பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருப்பது அந்த ஏர்பேக் தவறி விரிந்துவிடாமல் இருக்கத்தான். எத்தனை இடத்தில் செய்கிறார்கள்?

அப்புறம் ஜி.பி.எஸ். 'மேப் ஒழுங்காக வேலை செய்யவில்லை, அம்பு பக்கத்துத் தெருவில் நிற்கிறது' என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குச் செட்டில் பழுது இருக்காது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வருகிற சிக்னல் இங்கே வந்து சேரும்போது மிகமிக மெலிந்துபோய் இருக்கும். இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களாவது தெரிய வேண்டும். தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன ஆன்டெனா செட்டோடு வரும், அதன் காந்தம் இருக்கிற பக்கம் கீழே, மறுபக்கம் வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அதை டேஷ்போர்டின் மேல் பிளாஸ்டிக்குக்கு நேர் அடியில் வைத்தால் போதும், வெளியே தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் பலர் அதைச் செட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஒயரோடு ஒயராகத் திணித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இரும்பைத் தாண்டிச் சிக்னல் வராது. முன் கண்ணாடியில் உலோகம் கலந்த கூலிங் ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் இதே தொல்லை. மலிவான டேஷ் கேமராவும் சார்ஜரும் ஆன்டெனாவை ஒட்டியே இருந்தால் அவற்றின் இரைச்சலில் சிக்னல் அமுங்கிப்போகும். கேமராவின் பிளக்கைப் பிடுங்கிய உடனே மேப் சரியாகிவிட்ட வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் ஒயரைச் சாவி லைனில் கொடுத்துவிட்டால் அது வேறு மாதிரித் தொந்தரவு. சாவி எடுத்ததும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும், ஒவ்வொரு முறையும் செயற்கைக்கோள்களைப் புதிதாகத் தேட வேண்டும். அவை அனுப்புகிற தகவல் விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் வருகிறது. ஒரு செயற்கைக்கோள் தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லி முடிக்கவே 30 விநாடி, எல்லாச் செயற்கைக்கோள்களின் அட்டவணையும் முழுதாக வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். போன் இன்டர்நெட்டிலிருந்து அதை எடுத்துக்கொள்வதால் சட்டென்று இடத்தைக் காட்டிவிடுகிறது, இன்டர்நெட் இல்லாத செட் அப்படி முடியாது. மலைக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் வீட்டு வைஃபையிலேயே அந்தப் பகுதி மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுகளில் எல்லா வளைவிலும் டவர் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ஹேண்ட் பிரேக் ஒயர் விஷயத்தில். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் மட்டுமே வீடியோ ஓட வேண்டும் என்று பல செட்களில் தனியாக ஒரு ஒயர் இருக்கிறது. அதைப் பிரேக் சுவிட்சில் கொடுக்காமல் நேரே எர்த்தில் கொடுத்துவிட்டால் வண்டி ஓடும்போதும் படம் ஓடும். கடையிலேயே 'அதையும் செய்து தருகிறோம்' என்று சொல்லி விற்கிறார்கள், வாடிக்கையாளரும் கேட்டு வாங்குகிறார். நான் செய்து கொடுக்க மாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அவர்கள் அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. மூன்று விநாடி திரையைப் பார்த்தால் 66 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகத்தான் அர்த்தம். நான்குவழிச் சாலையில் நம் ஊர் ஆட்களும் ஆடு மாடும் குறுக்கே வராத இடம் எது? 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிமாற்றம்கூட, வண்டி ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்றுதான் சொல்கிறது.

மேப் சொன்னதை அப்படியே நம்பிப் போகிறவர்களைப் பற்றி நீங்களே நிறையச் செய்தி போட்டிருக்கிறீர்கள். 2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது, அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி அருகே பாதியில் அறுந்து நின்ற பாலத்திலிருந்து கார் ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அவை மேப்பின் குறை, சாலையை அடைத்து வைக்காதவர்களின் குறை. அதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அந்த மேப் ஓடுகிற பெட்டியை யார் எப்படி மாட்டினார்கள் என்பதைப் பற்றியும் பேச வேண்டும் என்கிறேன்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. காரில் கேஸ் கிட் மாட்டினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மஞ்சள் போர்டு வண்டியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டினால் எஃப்.சி.க்குப் போகும்போது சான்றிதழ் கேட்கிறார்கள். பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கிற ஸ்கிரீனுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலையவிட வேண்டாம், அது தேவையில்லை. மாட்டிய கடைக்காரர் பில்லிலேயே நான்கு வரி எழுதிக் கொடுக்கட்டும்: கப்ளர் போட்டதா வெட்டியதா, கரண்ட் எங்கிருந்து எடுத்தது, ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர், எங்கே இருக்கிறது, மாட்டியவர் யார். அவ்வளவு இருந்தாலே பிறகு பழுது பார்க்கிறவனுக்கும், ஏதாவது ஆனால் விசாரிக்கிற போலீசுக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஒரு பிடி கிடைக்கும். ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் ஆட்டோ எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் என்று ஒரு படிப்பு இருக்கிறது. அதைப் படித்த பையன்களுக்கு இந்தக் கடைகளில் வேலை கிடைக்கவும் அது வழி செய்யும். இப்போது பாதி இடத்தில் சீட் கவர் மாட்டுகிற பையனையே ஒயரிங்கும் பார்க்கச் சொல்கிறார்கள். அவனைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

வாசகர்களுக்கு இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு தகவல். வெளியில் மாட்டிய எலக்ட்ரானிக் சாமான்களின் மதிப்பைப் பாலிசியில் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும், அதற்கென்றே ஐ.எம்.டி. 24 என்ற பிரிவு இருக்கிறது. சேர்க்காவிட்டால் செட் திருடுபோனாலும் எரிந்தாலும் அதற்குப் பணம் கேட்க முடியாது. பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள், அடுத்த சர்வீஸின்போது செட்டை ஒருமுறை வெளியே இழுத்துப் பின்னால் இருக்கிற இணைப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். டேப் சுற்றிய முறுக்கு இருந்தால் அதைக் கப்ளராக மாற்றச் சொல்லுங்கள், பேட்டரியிலிருந்து வருகிற லைனில் ஃப்யூஸ் எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற கடையில் வேலை கொடுக்க வேண்டாம்.

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கார் எரிந்த செய்தி வந்தால், அந்த வண்டியில் வெளியில் மாட்டிய சாமான் என்னென்ன இருந்தது என்று தீயணைப்பு அதிகாரியிடம் கேட்டு அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் எலக்ட்ரீஷியன்,
பாளையங்கோட்டை.