என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இனி மாதா மாதம் வர வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலை காட்டினால் போதும் என்று என் டயட்டீஷியன் போன வாரம் சொல்லிவிட்டார். இதை யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று யோசித்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. உங்களில் பலருக்கு நீங்கள் எனக்கு என்ன செய்தீர்கள் என்பதே தெரியாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன்.

பல வருஷம் நான் டயட்டில் இருந்தது தெரிந்ததுதான். முதலில் சோறு நின்றது, பிறகு இட்லி தோசை, பிறகு பழம். கடைசியில் இரவுச் சாப்பாடே நின்றுபோனது. அந்தக் கதையை இங்கே நீட்டப் போவதில்லை. மீண்டு வந்த கதையில்தான் நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள்.

முதல் நன்றி, என் பக்கத்து மேஜை அக்காவுக்கு. சித்திரை வெயிலில் திருச்சியே கொதிக்கும்போது நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஃபேனைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கவனித்தவர் நீங்கள்தான். மற்றவர்கள் ‘எப்படி இவ்வளவு இளைச்சீங்க, எங்களுக்கும் சொல்லுங்க’ என்று கேட்டபோது, நீங்கள் மட்டும் ‘பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா?’ என்று தனியாகக் கேட்டீர்கள். வரவில்லை என்றேன். மறுநாளே லீவு போட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள்.

அந்த டாக்டரம்மா முதலில் என் நாடியைப் பார்த்தார். அப்புறம், ‘நேத்து காலையில எழுந்ததிலிருந்து என்ன சாப்பிட்டீங்க?’ என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தார். வரத்து குறைந்த வீடு செலவைக் குறைப்பதுபோல உடம்பும் குறைக்கும் என்று விளக்கினார். இதயம் மெதுவாகத் துடிக்கும், டி3 என்ற தைராய்டு ஹார்மோன் இறங்கும், அதனால்தான் அந்தக் குளிர். மூளையில் இருக்கும் ஹைபோதலாமஸ் சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையை அடக்கிவிடும், அதனால் மாதவிடாய் நிற்கும். சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்தபடியே இருந்தால் எலும்பும் வலுவிழக்கும். அதற்காக, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

பயந்துபோய், ‘நாளையிலிருந்தே நிறையச் சாப்பிடுகிறேன் டாக்டர்’ என்றேன். அதற்கும் அவசரப்படக் கூடாது என்றார். நீண்ட நாள் அரைப்பட்டினியாக இருந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சோறு போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயத்தையே பாதிக்கும் அளவுக்குக் குறைந்துவிடலாம். அதனால் ரத்தப் பரிசோதனை, தயமின் (வைட்டமின் பி1) மாத்திரை, படிப்படியாக ஏற்றுவது என்று ஒரு திட்டம் போட்டார். டாக்டர், அன்று நீங்கள் என்னைத் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. அந்த நிதானத்துக்கு என் நன்றி.

டயட்டீஷியன் மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? இன்னொரு விலக்குப் பட்டியல் வரப் போகிறது என்று நடுங்கிக்கொண்டே வந்தேன். நீங்கள் கொடுத்த தாளில் ‘கூடாது’ என்று ஒரு வரிகூட இல்லை. வெறும் நேரங்கள்தான் இருந்தன. காலை 8 மணி, 11, மதியம் 1.30, மாலை 4.30, இரவு 8, படுக்கும்முன் பால். பசிக்கும்போது சாப்பிடுகிறேனே என்று கேட்டதற்கு, ‘உங்க பசி இப்போ சரியா மணி அடிக்காது, கொஞ்ச நாள் கடிகாரத்தைப் பாருங்க’ என்றீர்கள். நாலு வாய்ச் சோற்றுக்கே வயிறு கல்லாகக் கனத்தபோது, இரைப்பை காலியாகும் வேகம் குறைந்திருக்கிறது, சாப்பிடச் சாப்பிடத்தான் அது சரியாகும் என்றீர்கள். கணுக்கால் வீங்கியதும் அலறியடித்துக்கொண்டு போன் செய்தேன். உடனே வரச் சொல்லி, டாக்டரிடமும் காட்டி, ஆரம்பத்தில் இப்படி நீர் கோப்பது உண்டு என்று புரிய வைத்தீர்கள்.

பிறகு அந்தப் பசி வந்தது. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்த பத்தாவது நிமிடம் மறுபடி பசி. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் மினசோட்டா கதையைச் சொன்னீர்கள். 1944–45இல், போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரிதான். திடமான அந்த இளைஞர்கள் கோடையிலும் குளிர்கிறது என்றார்கள், தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். மறுபடி உணவு கிடைத்த பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் பசி அடங்கவே இல்லை.

என் கைப்பேசியில் இருந்த டயட் செயலி எனக்கு அளந்து கொடுத்தது நாளொன்றுக்கு 1,200 கலோரி. ராத்திரி தூக்கம் வராமல் பிரியாணி வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியது எனக்குத்தானே தெரியும்! ‘இது உங்க குணம் இல்லம்மா, பட்டினி யாரையும் இப்படித்தான் ஆக்கும்’ என்று நீங்கள் சொன்ன அன்று, பல வருஷமாக என் மேல் எனக்கிருந்த வெறுப்பில் பாதி இறங்கியது.

ஆனால் தாளில் இருப்பதைத் தட்டுக்குக் கொண்டுவர ஆள் வேண்டுமே. ஹாஸ்டல் மெஸ் அக்கா, காலை 8 மணிக்கு என் இட்லியைத் தனியாக மூடி வைத்திருப்பீர்கள். நான் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் அது சூடாகத்தான் இருக்கும். ‘எத்தனை?’ என்று என்னிடம் கேட்டால் நான் ஒன்று என்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கேட்காமலே வைத்தீர்கள். வைத்துவிட்டு உங்கள் டீயையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, உங்கள் மகனின் பரீட்சை, கேஸ் விலை, மாமியார் வீட்டு வம்பு எல்லாம் பேசுவீர்கள். என் தட்டைப் பார்க்க மாட்டீர்கள். பேச்சு முடியும்போது தட்டு காலியாகியிருக்கும்.

அலுவலக மதியச் சாப்பாட்டுக் கூட்டமே, உங்களுக்கும்தான். வெறும் வெள்ளரிக்காயோடு நான் தனியாக உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து என் நாற்காலியை இழுத்து வந்து நடுவில் போட்டீர்கள். எலுமிச்சை சாதத்தை டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்வீர்கள். சில நாள் அந்த மூடி அப்படியே திரும்பி வரும். அதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை, மறுநாள் தள்ளாமல் இருந்ததும் இல்லை.

தம்பி, ஊரில் நம் வீட்டு எடை மெஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டு ‘ரிப்பேர்’ என்று நீ சொன்னது எனக்கு அன்றே தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கோவில்பட்டியிலிருந்து வரும்போதெல்லாம் கடலை மிட்டாய் பாக்கெட்டுகளை என் பைக்குள் திணித்துவிட்டுப் போவாய். என் 11 மணிச் சாப்பாடு பெரும்பாலும் அதுதான். நிலக்கடலை, வெல்லம். இரண்டையுமே அந்தச் செயலி சிவப்பில் காட்டும்.

அம்மா, உனக்குத்தான் இது ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும். ‘இன்னொண்ணு வச்சுக்கோ’ என்பது உன் வாயில் தானாக வருகிற வார்த்தை. டயட்டீஷியன் வற்புறுத்த வேண்டாம் என்றதும், தோசைக் கரண்டியோடு வாசற்படி வரை வந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவாய். உனக்குப் பசிக்காவிட்டாலும் எனக்காகத் தட்டு போட்டு உட்கார்ந்தாய். அப்படி உட்கார்ந்ததில் உன் சர்க்கரை மாத்திரை நேரமும் ஒழுங்காகிவிட்டது, அதிலும் எனக்குச் சந்தோஷம்.

அத்தை, திருநெல்வேலியில் உங்கள் மகள் கல்யாணத்தின் மறுவீட்டுச் சொதி விருந்தை நான் மறக்கவே மாட்டேன். தேங்காய்ப்பால் என்றாலே எனக்குக் கை நடுங்கும் சமயம் அது. இலையில் சொதி விழுந்துவிட்டது. உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் மேலே மிதக்க, நான் சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல்: ‘பரவால்லையே, மறுபடி சதை போட்டுட்டாளே.’ நீங்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ‘அவ இலைய அவ பாத்துக்கிடுவா மதினி, நீங்க இஞ்சிப் பச்சடி கேட்டு வாங்குங்க’ என்றீர்கள். சொல்லிவிட்டு முருங்கைக்காயைச் சப்ப ஆரம்பித்தீர்கள். நானும் பிசைந்தேன். இரண்டாம் தடவை சொதி வந்தபோது நானே கேட்டு வாங்கினேன்.

ரத்தம் எடுத்த நர்ஸ், ஸ்கேன் அறையில் போர்வை கொடுத்த அண்ணன், டாக்டரிடம் என்னை அழைத்துப்போக லீவு தந்த மேலாளர், எல்லோருக்கும் நன்றி.

மாதவிடாய் திரும்பிவிட்டது. முடி வளர்கிறது. எலும்பு இன்னும் தேற வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும் என்கிறார் டாக்டர். சில நாள் கண்ணாடி முன்னால் பழைய கணக்கு தலை தூக்கும். அன்றைக்கும் 11 மணிக்கு மிட்டாய் உண்டு.

‘நீ எப்படி மீண்டாய்?’ என்று கேட்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றிருந்தாலோ, தலைசுற்றல், மயக்கம் இருந்தாலோ, பல மாதம் மிகக் குறைவாகச் சாப்பிட்டிருந்தாலோ, நீங்களாகச் சாப்பாட்டை ஏற்றாமல் முதலில் டாக்டரைப் பாருங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.

நிறைந்த அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்