பாட்டுக்குப் பெயர் உண்டு, பேச்சுக்கு இல்லை: ஒரு டப்பிங் கலைஞரின் திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், படங்களை ஓடிடியில் வெளியிடும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவர் தயாரித்த படம் போன மாதம் ஓடிடிக்கு வந்தது. யார் என்று சொல்லப் போவதில்லை. யாராக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தமே. அந்தப் படத்தில் நான் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறேன், நாலரை நிமிடம். கதாநாயகிக்கு முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை பேசியும் இருக்கிறேன். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே 'அடுத்து இதைப் பாருங்கள்' என்று ஒரு பெட்டி வந்து மறைத்தது. அதை மூடிவிட்டு நிறுத்தி நிறுத்திப் படித்தேன். பாடகர்கள் வரிசையில் என் பெயர் இருந்தது. குரல் கொடுத்தவர்கள் என்று ஒரு வரிசையே இல்லை. நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் பெயர் இருந்தது. இருக்க வேண்டியதுதான், நல்ல நாய். ஆனால் இடைவேளைக்கு முன்னால் அந்த நாய் முனகுகிறதே, அது என் சக கலைஞர் ஒருவர் மைக் முன்னால் நின்று முனகியது. அவர் பெயரும் இல்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். யாருக்கு யார் குரல் என்று திரையில் போடுங்கள்.

ஆஸ்பத்திரிக் காட்சியை மட்டும் சொல்கிறேன். கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது. வசனத்தைத் தன் மொழி எழுத்தில் எழுதி வைத்துப் படித்திருக்கிறார், பாதி இடத்தில் எண்களைச் சொல்லி ஒப்பேற்றியிருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, கண்ணில் நிஜமாகவே அழுகை இருந்தது. தாளில் இருந்த வசனம் "என்ன விட்டுட்டுப் போயிடாத". அவர் உதடோ கடைசியில் ஒருமுறை ஒட்டிப் பிரிகிறது. 'த'வுக்கு உதடு ஒட்டாது. பதினோரு டேக் போனது. பன்னிரண்டாவதில் "போயிடாதம்மா" என்றேன். உதடு கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஒன்றும் பேசாமல் கட்டைவிரலைக் காட்டினார். அன்று அழுத அழுகையில் தொண்டை கட்டிப்போய், என் பாட்டுப் பதிவு இரண்டு நாள் தள்ளிப் போனது.

படம் வந்த பிறகு விமர்சனம் எழுதியவர்களில் பலர் அந்த 'ம்மா'வைப் பாராட்டினார்கள். கதாநாயகியின் நடிப்பு என்று எழுதினார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள் சொன்னால்தானே?

பாடகிகளுக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான். 1949-இல் வந்த 'மகல்' இந்திப் படப் பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. காமினி என்பது கதாபாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். வானொலியில் கேட்டவர்கள் யார் பாடியது என்று விடாமல் கேட்ட பிறகுதான் அவர் பெயர் வெளியே வந்தது. பாட்டு அந்த இடத்தைத் தாண்டி எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. பேச்சு இன்னும் 1949-இலேயே நிற்கிறது. 'மணிச்சித்திரத்தாழு' மலையாளப் படம் 1993-இல் வந்தது. அதில் நாகவல்லி என்ற பாத்திரம் தமிழில் சீறுகிற குரல் நம் டப்பிங் கலைஞர் துர்காவுடையது என்று இயக்குநர் பாசில் எழுதியது 2016-இல். 23 ஆண்டுகள் அந்தப் பாராட்டு வேறு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெயர் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதும், தான் நிகழ்த்தியது தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கலைஞருக்குக் கிடைத்ததும் உங்கள் வக்கீல்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படத்தில் தற்செயலாக வந்துபோய், தொழில் வழக்கப்படி பெயரும் போடப்படாதவருக்கு அந்தச் சட்டம் தரும் பாதுகாப்பு மிகக் குறைவு என்பதும் தெரிந்திருக்கும். ஒரு கதாநாயகியின் முழுப் பேச்சு எப்படித் தற்செயலாகும் என்று நான் கேட்பேன். ஆனால் "பெயர் போடாததுதான் இங்கே வழக்கம்" என்று ஆக்கி வைத்துவிட்டால், நாளைக்கு அந்தக் கேள்வியை எங்கே நின்று கேட்பது?

இதற்கு நடுவில் ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரி வந்திருக்கிறது. என் குரலை "தற்போதுள்ள, இனி கண்டுபிடிக்கப்படவிருக்கும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும்" காலவரையின்றிப் பயன்படுத்தலாமாம். பெயர் போட நான்கு விநாடி கிடைக்காதவர்களுக்கு, என் குரலைக் காலாகாலத்துக்கும் வைத்துக்கொள்ள மட்டும் இடம் இருக்கிறது. 'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டுப் பாட வைத்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டுப் பணமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரகுமான் வெளிப்படையாகச் சொன்னார். போய்ச் சேர்ந்த பாடகர்களிடம் காட்டிய மரியாதையை உயிரோடிருக்கிற எங்களிடமும் காட்டலாம். இல்லை, செத்த பிறகுதான் என்றால் அதையாவது ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள், காத்திருக்கிறோம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். சம்பளப் பாக்கி, நடுராத்திரி கால்ஷீட், மாதிரிக்கு நான் டிராக் பாடி வேறு குரலில் வெளியான பாட்டுகள், எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தால் இந்த மடல் முடியாது. அவை இன்னொரு நாளைக்கு.

நானே மெட்டமைத்து, எழுதி, பாடிய பாட்டுகளைச் சின்ன அளவில் வெளியிட்டு வருகிறேன். பதிவேற்றும்போது ஒரு படிவம் வரும். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று கட்டங்கள். ஒன்று காலியாக இருந்தாலும் அடுத்த பக்கம் திறக்காது. பத்துப் பேர்கூடக் கேட்காத என் பாட்டுக்கு ஒரு இயந்திரம் கொடுக்கிற கவனம் அது. அப்படி ஒரு கட்டத்தை உங்கள் டைட்டில் பட்டியலிலும் வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நடிப்பவர் பெயருக்குப் பக்கத்தில் 'குரல்' என்று ஒரு சொல், அதற்கு எதிரே ஒரு பெயர். ஓடிடி பதிப்பில் அதை இன்றைக்கே சேர்க்கலாம். பிலிம் காலத்துத் திரையரங்கப் பிரதியைப் போலத் திரும்ப அச்சுப் போட வேண்டியதில்லை.

அந்த நாயின் குரலுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பெயரை எந்த எழுத்தில் போட வேண்டும், தலைப்பெழுத்து என்ன என்று டப்பிங் இன்சார்ஜிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். எங்கள் எல்லாருடைய போன் நம்பரும் அவரிடம் இருக்கிறது. அவசர கரெக்‌ஷன் என்றால் நள்ளிரவிலும் கூப்பிடுகிறாரே.

இப்படிக்கு,
உங்கள் கதாநாயகியின் குரல்