அரையாண்டுத் தேர்வுக்கு முன் பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

பாடப்பகுதிகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. குறுவட்டப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் பரிசுகள் வாங்கியிருக்கிறார்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாலைத் திருப்புதல் நடக்கிறது. தேர்வு அட்டவணை அறிவிப்புப் பலகையில் உள்ளது. அனைவருக்கும் பாராட்டுகள்.

அடுத்து, சென்ற வார மழை. புயல் வலுவிழந்துவிட்டது என்ற செய்தி வந்ததும், தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பலர் இருசக்கர வண்டியில் பிள்ளைகளை அழைத்துப் போக வந்தீர்கள். பெற்ற மனம் பதறும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தியின் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

வானிலை ஆய்வு மையம் புயலைத் தரம் பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 62 கி.மீ.யை எட்டினால் புயல், 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். மழையின் அளவு இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. காற்று தணிந்தாலும் மேகத்தில் ஈரம் அப்படியே இருக்கும். நகராமல் நின்றுவிட்டால் ஒரே ஊரில் கொட்டித் தீர்க்கும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், வலுவிழந்த பிறகுதான் கடலிலிருந்து வெகுதூரம் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டபோது தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாட்டை நம் மாவட்டம் மறக்காது. மேற்கே பெய்த மழை, இங்கே வானம் வெளுத்த பிறகும் வந்து சேரும்.

தரைப்பாலத்தில் பார்க்க அமைதியாக ஓடும் தண்ணீரை நம்பாதீர்கள். கணுக்காலுக்குச் சற்று மேல், சுமார் 15 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடினாலே பெரியவர்களின் கால் வாரிவிடும். ஓரத்தில் தார் அரித்துப்போயிருப்பது கலங்கலில் தெரியாது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் வண்டி நிற்பது பெரும்பாலும் பாலத்தின் நடுவில்தான். பின்னால் இருப்பது உங்கள் பிள்ளை.

அன்று சிலர் தடுப்புக் கட்டையை நகர்த்திவிட்டு வந்தார்கள். இனி அப்படி வருபவர்களிடம் பிள்ளையை அனுப்ப மாட்டோம். தண்ணீர் வடியும்வரை நீங்களும் பள்ளியிலேயே இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது.

பிள்ளைகளை மாடி வகுப்பறைகளில் ஆசிரியர்களுடன் வைத்திருப்போம். இரவுக்கும் சமைக்க அரிசி, பருப்பு இருப்பில் உள்ளது. காய்ச்சி ஆறிய தண்ணீர் தருவோம். ஆஸ்துமா, வலிப்பு போன்றவற்றுக்கு மருந்து எடுக்கும் பிள்ளைகளின் பையில், அளவு எழுதிய சீட்டோடு ஒரு நாள் மருந்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய அறிவிப்பில் தேதியைப் பாருங்கள்.

வீட்டிலும் கவனம் தேவை. மின்கம்பத்தையும் அதன் இழுவைக் கம்பியையும் பிள்ளைகள் தொடக்கூடாது. கம்பி அறுந்து கிடந்தால் அருகில் போகாமல் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள். வெள்ள உதவிக்கு 1077. மண்சுவர் மழை நின்ற பிறகும் ஊறி விழும் என்பதால் அதன் ஓரம் படுக்க வைக்காதீர்கள். வெளியே கழற்றிய ஷூவைத் தட்டிப் பார்த்துப் போடச் சொல்லுங்கள், பாம்பும் தேளும் ஈரத்துக்கு ஒதுங்கும்.

அன்று அக்கரையிலேயே குடையோடு இரண்டு மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்த பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து ஊர்ப்பக்கம் சுற்றிக் கொண்டுபோய் விட்ட ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்களால்தான் அன்று எல்லாப் பிள்ளைகளும் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள்.

உங்களால் வர முடியாதபோது பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று இத்துடன் உள்ள படிவத்தில் இரண்டு பேரின் பெயரும் கைபேசி எண்ணும் எழுதி, கையொப்பமிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்