கெல்லி கோபுரமும் அதற்குப் பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பேரா மாநிலத்திலுள்ள பத்து காஜா ரயில் நிலையத்தில் டாக்சி ஓட்டுகிறேன். ஈடிஎஸ் ரயிலில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கெல்லி மாளிகைக்குத்தான் வண்டி கேட்பார்கள். போன பள்ளி விடுமுறையில் கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பின்சீட்டில் இருந்த பையனுக்குப் பத்து வயது இருக்கும். "அங்கிள், அந்த டவர்ல எத்தனை பேய் இருக்கு?" என்று கேட்டான். அவன் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாட்டனும் பாட்டியும் அந்த மாளிகை இருக்கும் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவர்கள்.

அந்த மாளிகையை 1915இல் கட்டத் தொடங்கியவர் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை. தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று தன் ஊர்ப் பெயரையும் சேர்த்து வைத்தவர் அவர்தான். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. அவற்றை அடுக்கிய தமிழ்க் கொத்தனார்களும் மதராஸ் பக்கமிருந்து வந்தவர்களே. கோபுரம் ஆறு மாடி. மின்தூக்கிக்காக விட்ட குழி இன்னும் அப்படியே கிடக்கிறது. துரை 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்துவிட்டார். அவர் மனைவி எல்லாவற்றையும் விற்றார், மாளிகை அரைகுறையாக நின்றுபோனது.

வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் ஸ்பானிஷ் காய்ச்சல் தோட்டத்துக்குள் நுழைந்தது. வேலைக்காரர்கள் பலர் செத்தார்கள். "காலையில பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நின்ன ஆளு, சாயங்காலம் இல்ல" என்று தன் அம்மா சொன்னதாகப் பாட்டி சொல்லுவார். அதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்தச் சாவுகளைத்தான் இன்றைக்குப் பேய்க்கதையாக்கிப் பிள்ளைகளிடம் சொல்கிறோம். எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை.

மிச்சமிருந்தவர்கள் துரையிடம் கேட்டது மாரியம்மனுக்கு ஒரு கோயில். துரையும் கட்ட உதவினார். மாளிகையிலிருந்து காரில் ஏறினால் இரண்டு மூன்று நிமிடம்தான். கிள்ளான் குடும்பத்தை நானாகவே அங்கே கூட்டிப்போனேன், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. கோயிலின் மேலே சாமி உருவங்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையிலேயே வெள்ளைக் கோட்டும் தலையில் தொப்பியுமாக ஒருவர் நிற்பார். பையன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அது சாமி இல்லையே?" என்றான். "அவர்தான் அந்தத் துரை. நம்ம ஆளுங்க நன்றிக்கு வச்சது" என்றேன். அப்புறம் அவன் பேயைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவன் அம்மா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நெடுநேரம் கும்பிட்டுவிட்டு வந்தார்.

நேரமிருந்தால் தஞ்சோங் துவாலாங் ரோட்டிலுள்ள ஈயக் கப்பலையும், அதாவது தண்ணீரில் மிதந்தபடி ஈயம் தோண்டிய பழைய இயந்திரத்தையும், பார்க்கலாம். 1938இல் கட்டியது, 1982 வரை ஓடியது, எடை 4,500 டன். பாப்பான் என்ற ஊர்ப் பக்கம் போனால், ஜப்பான்காரன் காலத்தில் போராளிகளுக்கு மருந்து கொடுத்து மாட்டிக்கொண்ட சிபில் கார்த்திகேசு மருத்துவம் பார்த்த வீடு இருக்கிறது. அவரைப் பூட்டி வைத்த சிறை எங்கள் பத்து காஜாவில்தான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். பிள்ளைகளைக் கெல்லி மாளிகைக்குக் கூட்டி வருகிறீர்கள், மகிழ்ச்சி. மாளிகையைப் பார்த்த கையோடு பஸ்ஸை ஈப்போவுக்குத் திருப்பிவிடாதீர்கள். கோயிலுக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நடை சாத்தியிருந்தாலும் பரவாயில்லை, வெளியில் நின்றே துரையின் உருவத்தைக் காட்டலாம். வழி தெரியாவிட்டால் ரயில் நிலையத்தில் நிற்கும் எந்த டாக்சிக்காரரிடமும் கேளுங்கள், சொல்லுவோம்.

இப்படிக்கு,
கிந்தா கெல்லாஸ் தோட்டத்துப் பேரன்,
பத்து காஜா, பேரா.