செயலாளர் ஆண்டறிக்கை: மூத்தோர் இத்தாலிப் பயணம்

அன்பான அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளிப் போட்டிகள், வாணி விழா மூன்றும் வழமைபோல் நிறைவாக நடந்தன. செலவு விபரம் பொருளாளர் அறிக்கையில் உண்டு. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, கோடையில் எங்கள் மூத்தோரை, சுவிஸ், இத்தாலி இரு நாடுகளிலும் கிடக்கும் மஜ்ஜோரே ஏரியின் இத்தாலிப் பக்கத்துக்கு அழைத்துச் சென்ற ஒருநாள் பயணத்தை.

சுவிஸின் பிரிக் நகரிலிருந்து சிம்ப்ளோன் மலைக்கணவாய்க்கு ஏறினோம். மலையைக் குடைந்து 1906 முதல் ரயில் ஓடுகிறது; அதில் போனால் நேரம் மிச்சம்தான். ஆனால் சுரங்கத்துக்குள் மலை தெரியாதே! நெப்போலியன் தன் படைக்காகப் போடுவித்து, 1805இல் முடிந்த பாதை வழியாகவே பஸ் போனது. 2005 மீற்றர் உயரத்தில், குளிர்காற்றில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மாமார் இடியப்பமும் சம்பலும் பரிமாறினார்கள்.

எல்லை தாண்டி இறங்கும் பள்ளத்தாக்கில் கந்தோலியா. மிலான் பேராலயத்துக்கு 1387 முதல் இளஞ்சிவப்புச் சலவைக்கல் கொடுத்துவரும் மலை அது. அந்தக் காலத்தில் ஏரி, ஆறு, கால்வாய் என்று படகிலேயே கல் மிலான் போய்ச் சேர்ந்தது. ஊரில் கோயில் திருப்பணி பார்த்த ஐயாமாருக்கு அதன்பின் வேறு பேச்சில்லை.

ஏரிக்கரை ஊரான ஸ்ட்ரேசாவில் படகேறி ஈசோலா பெல்லா தீவுக்குப் போனோம். பொரொமேயோ குடும்பத்தார் 1632இல் தொடங்கிய மாளிகையும், அடுக்கடுக்காக எழும் தோட்டமும், வெள்ளை மயில்களும் அழகுதான். என்றாலும் எங்கள் ஆட்கள் கூடி நின்றது அங்குள்ள பெரிய கற்பூர மரத்தடியில். விழுந்து கிடந்த இலையொன்றை ஒரு அம்மா எடுத்துக் கசக்கி மணந்து பார்த்தார். பிறகு அது ஒவ்வொருவர் கையாகப் போனது. சிலர் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள்.

இந்தப் பயணத்தில் எனக்கு ஒரு மனக்குறை. எஃப் வதிவிட அனுமதி, அதாவது தற்காலிகமாகத் தங்குவதற்கான அனுமதி, உள்ளவர்கள் சுவிஸை விட்டு வெளியே போக முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். அது லேசில் கிடைப்பதில்லை. மன்றத்துக்காக ஓடியாடி உழைக்கும் சிலர் அதனால் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். இனி அவர்களை விட்டுவிட்டு நாங்கள் போகக்கூடாது. இதே ஏரியின் வடமுனை திச்சினோ மாநிலத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. லொகார்னோவும் உண்டு, பிரிசாகோ தீவின் தாவரவியல் தோட்டமும் உண்டு. அடுத்த கோடைப் பயணம் அங்கே என்று நிர்வாகம் முன்மொழிகிறது. பொதுச்சபை இன்றே இதை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்